டைப் டீச்சரும் தேதி கேட்கும் பெட்டியும்

டைப் டீச்சர் மேல் சின்னதுரைக்குப் பதினோரு வருடமாக ஒரு கோபம் இருந்தது. சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிற கோபமாக இருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும். இது அந்த ரகமில்லை. வெளியே சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான்.

தொண்ணூற்றாறில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் புதிதாக ஒரு இரும்புக் கம்பெனி வந்தது. ஆள் வேண்டும், பயோடேட்டா கொண்டு வா என்று கேட்டில் எழுதிப் போட்டார்கள். பயோடேட்டா என்றால் என்ன என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஸ்டேஷனை ஒட்டின சந்தில் ஆரோக்கியமேரி என்று ஒரு அம்மா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறது, அது அடித்துக் கொடுக்கும் என்றார்கள். எளாவூரிலிருந்து ரயிலேறி வந்து சின்னதுரையும் வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் எட்டுப் பேர்.

அவன் முறை வந்தது. பேர் சொன்னான், அப்பா பேர் சொன்னான், ஒயரிங் வேலை தெரியும் என்றான். படிப்பு என்று கேட்டதும் மேஜை மேல் குனிந்து, டீச்சர் காதுக்கு மட்டும் போகிற மாதிரி, "ஏழாவதுங்க" என்றான்.

"இன்னாது, ஏழாவதா?" என்றார் டீச்சர். அந்தச் சத்தம் ஸ்டேஷன் ப்ளாட்பாரம் வரைக்கும் போயிருக்கும். "ஏழாவது பாஸா, ஃபெயிலா? வாயைத் திறந்து சொல்லுப்பா!"

"ஃபெயிலு."

"ஏழாவது ஃபெயிலு!" என்று அறிவிப்பு மாதிரி சொல்லிவிட்டு டகடகவென்று அடித்து முடித்தார். பின்னால் நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். அந்த எட்டில் ஆறு பேருக்கு அதே கம்பெனியில் வேலை கிடைத்தது. சின்னதுரைக்கும் கிடைத்தது, காண்ட்ராக்டில். ஒரு மாதம் முடிவதற்குள் சின்னதுரை என்ற பேர் போயே போய்விட்டது. 'ஏழாங்கிளாஸ்' ஆகிவிட்டான். ஃபோர்மேன் ஆசீர்வாதம் மைக்கிலேயே கூப்பிடுவார்: "ஏழாங்கிளாஸ், ஃபர்னஸ் பக்கம் வா." வாட்ச்மேன் யேசுதாஸ் கேட்டைத் திறக்கும்போதே, "இன்னா ஏழாங்கிளாஸ், நாஷ்டா ஆச்சா?" என்பான். பதினோரு வருடம். அந்தச் சந்து வழியாக நடந்தால் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் மூன்று நிமிடம்தான். சின்னதுரை ஒருநாள்கூட அந்தச் சந்தில் கால் வைக்கவில்லை. மழையானாலும் மேம்பாலத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தான்.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பவும் ஆளில்லை. சூளூர்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போன மனைவி வரவில்லை. போய்க் கூப்பிட்டான் இரண்டு தரம். மூன்றாம் தரம் போகவில்லை. எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் ஒரே அறை. பகலும் ராத்திரியும் ஹைவேயில் லாரி போகிற சத்தம். ரேடியோ வைத்தாலும் கேட்காது, அதனால் ரேடியோவும் வாங்கவில்லை.

கம்ப்யூட்டர் வேலை அவன் கைக்கு வந்தது தற்செயலாகத்தான். கம்பெனி எடைமேடை கேபினில் இருந்த கம்ப்யூட்டர் ஒருநாள் எழவில்லை. சென்னையிலிருந்து ஆள் வர மூன்று நாளாகும் என்றார்கள். கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்தன. சின்னதுரை போனான், மூடியைக் கழற்றினான், உள்ளே கைப்பிடி அளவு இரும்புத் தூசி. துடைத்தான். மெமரிப் பட்டையைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்துத் திரும்பச் செருகினான். எழுந்துவிட்டது. அன்றிலிருந்து சிப்காட்டில் எந்தக் கேபினில் பெட்டி படுத்தாலும் ஏழாங்கிளாஸைக் கூப்பிடு என்பார்கள்.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு திங்கட்கிழமை. முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வந்தான். கேட்டருகே ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா இறங்கி நின்றுகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டால் மூடி இடுப்பில் வைத்திருந்தார், குடத்தை வைக்கிற மாதிரி.

"எலக்ட்ரீசியன் சின்னதுரை இருக்கானாப்பா?" அந்தக் குரலைச் சின்னதுரை உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

யேசுதாஸ் மண்டையைச் சொறிந்தான். "சின்னதுரையா? அப்டி யாரும் இல்லியேமா."

"கம்ப்யூட்டர்லாம் பாக்குமாமே. பஜார்ல சாமான் விக்கற பாய்தான் இந்தப் பேரைச் சொன்னாரு."

"ஓ, ஏழாங்கிளாஸா! தோ நிக்குதுமா உங்க பின்னாலயே. இன்னா ஏழாங்கிளாஸ், ஆள் தேடி வந்துகினு இருக்காங்க, நீ இன்னாவோ போஸ்ட்டு மாதிரி நிக்கிற!"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். ஏழாங்கிளாஸ் என்ற பேர் எங்கிருந்து கிளம்பியது என்பது அவருக்கு அந்த நிமிடம் புரிந்திருக்க வேண்டும். முகம் அப்படி ஆனது.

முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் சின்னதுரை வாயைத் திறந்தான். ஆனால் ஐம்பத்தைந்து வயசு அம்மா பெட்டியை இடுப்பிலிருந்து இறக்க இடம் பார்த்துத் தடுமாறுகிறது. கை தானாகப் போய் வாங்கிக்கொண்டது.

"இன்னா பண்ணுது?" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"எதுவும் பண்ணல. அதான் பேஜாரு."

அந்தச் சந்துக்குள் பதினோரு வருடம் கழித்து அன்றைக்குத்தான் போனான். டைப்ரைட்டர் ஒன்றுகூட இல்லை. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் வேளாங்கண்ணி மாதா காலண்டர். பின்னால் ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் ஸ்டவ்வும் கட்டிலும். கடையும் வீடும் அதுதான். பயோடேட்டா, மனு, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அந்த ஒரு பெட்டியில்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. மதர்போர்டில் இருந்த சின்னச் சின்ன உருளைகள் நாலைந்து தலை உப்பிக் கசிந்திருந்தன. சிப்காட்டில் ஃபர்னஸ் ஓடும்போது ஊரெல்லாம் ஏறி இறங்குகிற கரண்டில் எத்தனை நாளைக்குத் தாங்கும்.

"போர்டு போச்சு. மாத்தணும்."

"மாத்துனா எழுமா?"

"எழணும்."

"எழுமா, எழணுமா? கரெக்டா சொல்லுப்பா. ஞாயித்துக்கிழமை என் தம்பி ஸ்டீவன் ஊத்துக்கோட்டைலேருந்து குட்டியானை வண்டி எடுத்துகினு வரான், சாமான் ஏத்த. பூசை முடிஞ்சதும் பெட்டி எழுந்தா நான் இங்க இருக்கலாம். எழலேன்னா கடையை மூடிட்டு அவன் ஊட்டுக்கு வந்துடறேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"போனா இன்னா? தம்பி ஊடுதானே. சோறு போடுவாரு."

"சோறு போடுவான்" என்றார் டீச்சர். "பின்கட்டு ரூமு. ஒரு மணிக்குச் சாப்டீங்களாக்கான்னு கேப்பான். எட்டு மணிக்குச் சாப்டீங்களாக்கான்னு கேப்பான். நடுவுல என்னை யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

சின்னதுரை பெட்டி மூடியைத் திரும்ப மாட்டினான். அவனை ஒரு மணிக்கும் கேட்பாரில்லை, எட்டு மணிக்கும் கேட்பாரில்லை.

பஜாரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற மொஹசின் பாயிடம் புதன்கிழமை ஒரு போர்டு கிடைத்தது. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் அதே ரகம். பாய் அவன் கண் முன்னால் ஓட்டிக் காட்டியே கொடுத்தார். வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் போய் மாட்டினான். போர்டு தகரத்தில் படாமல் தூக்கிப் பிடிக்கப் பித்தளை ஸ்டட்டுகள் உண்டு. பெட்டித் தகரத்தில் ஒன்பது ஓட்டை இருந்தது, ஆறில்தான் ஸ்டட் இருந்தது. மூன்று ஓட்டை சும்மா கிடந்ததைப் பார்த்ததும் அவனுக்கு உடம்பு கூசியது. எடைமேடை கேபின் டப்பாவிலிருந்து மூன்று ஸ்டட் எடுத்து வந்து ஒன்பதையும் நிரப்பினான். கம்பெனியில் அப்படித்தான். நாலு வருடத்துக்கு முன் ரோலிங் லைனில் ஒரு மூடிக்கு ஒரு போல்ட் குறைந்துபோய், அந்த இடுக்கில் ஜெயராஜ் என்கிறவனுடைய மூன்று விரல் போனது. அன்றிலிருந்து காலி ஓட்டையைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவனை ஆசீர்வாதம் ஷிஃப்ட் முழுக்க வெய்யிலில் நிற்க வைப்பார்.

எல்லாவற்றையும் முறுக்கி, ஒயரெல்லாம் செருகி, பட்டனை அமுக்கினான். ஃபேன் அரைச் சுற்று சுற்றியது. நின்றது.

திரும்ப அமுக்கினான். அரைச் சுற்று.

மெமரியைப் பிடுங்கித் தேய்த்தான். அரைச் சுற்று. டிஸ்க் ஒயரைப் பிடுங்கினான், கார்டுகளைக் கழற்றினான். அரைச் சுற்று. பவர் பெட்டி மேல் சந்தேகம் வந்து வெள்ளிக்கிழமை வேறொன்றைக் கொண்டு வந்து மாட்டினான். அதே அரைச் சுற்று. டீச்சர் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தரம் அது அசையும்போதும் அவர் தலை முன்னால் வரும். நின்றதும் பின்னால் போகும்.

"மூச்சு வாங்குதுப்பா அது."

"கம்னு இருங்க டீச்சர்." சொன்ன பிறகுதான், அவரை டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டது உறைத்தது.

சனிக்கிழமை மத்தியானம் போர்டைக் கழற்றி எடுத்துப்போய் மொஹசின் பாய் மேஜை மேல் வைத்தான். "செத்த போர்டைக் குடுத்து ஏமாத்திட்டீங்க பாய்."

"யாரு, நானா?" பாய் மேஜையில் நியூஸ் பேப்பரை விரித்தார். போர்டை அதன் மேல் வைத்து ஒயர்களைக் கொடுத்து ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு தட்டுத் தட்டினார். ஃபேன் சுற்றியது, நிற்கவில்லை. திரையில் எழுத்து வந்தது. "நைனா, என் பேப்பர் மேல ஓடுது, உன் கையில ஓடலன்னா நான் இன்னா பண்றது? கையைக் கழுவிகினு வா."

திரும்பி வந்தான். பெட்டியில் மாட்டினான். அரைச் சுற்று.

மணி நாலு. தரையில் உட்கார்ந்துவிட்டான். காலையில் குட்டியானை வந்து நிற்கும். இந்த மேஜையும் பிரிண்டரும் கட்டிலும் ஏறிப் போகும். போனால் அவனுக்கென்ன, பதினோரு வருடம் சுற்றிப்போனவன்தானே. ஆனால் இந்த ஆறு நாளில் ஷிஃப்ட் முடிந்தால் போவதற்கு ஒரு இடம் இருந்தது. யாரோ ஒருத்தர் அவன் என்ன செய்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"பேப்பர் மேல ஓடுது, இதுல ஓடல" என்றான் தனக்குத்தானே. "அப்ப கோளாறு போர்டுல இல்ல. பெட்டியில."

போர்டைக் கழற்றி மேஜை மேல் ஒரு பழைய பேப்பரில் வைத்தான். ஓடியது. டீச்சர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு காலிப் பெட்டிக்குள் குனிந்திருந்தார். முப்பது வருடம் அடித்த தாளில் ஒரு எழுத்து கூடவா குறையவா என்று பார்த்துப் பழகின கண்.

"சின்னதுரை. அந்தப் போர்டுல எத்தினி ஓட்டை?"

"ஆறு."

"இங்க ஒம்போது பித்தளை நிக்குது. ஆறுதான் போர்டைப் பிடிக்குது. மிச்சம் மூணு எதைப் பிடிச்சுகினு இருக்கு?"

சின்னதுரை எழுந்து வந்து பார்த்தான். போர்டைத் திருப்பிப் பார்த்தான். ஓட்டையே இல்லாத மூன்று இடத்தில், பின்பக்க ஈயத்தில், ஊசிமுனை அளவுக்குக் கருப்பாக மூன்று புள்ளி. அவன் நிரப்பின ஸ்டட்டுகள் குத்தின இடம். தகரத்துக்கும் போர்டுக்கும் நேராகப் பாலம் போட்டு அவனே ஷார்ட் அடிக்க வைத்திருக்கிறான். கரண்ட் வந்த அந்த நொடியே பவர் பெட்டி பயந்து தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது.

"பத்தாங்கிளாஸ் படிச்சிருந்தா எண்ணிப் பாத்திருப்பேன்" என்றான்.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. சந்தில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிரித்து முடித்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னிக்கு நான் மெதுவா கேட்டிருக்கணும்பா. இருவது மெஷின் ஒண்ணா ஓடும், அதுக்கு மேல கத்திக் கத்தி எனக்கு மெதுவா பேசவே வராது. பக்கத்துல இருக்கறவன் கிட்டயும் கத்துவேன். அதான் பக்கத்துல யாரும் இல்லியோ இன்னாவோ."

சின்னதுரை மூன்று ஸ்டட்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போர்டை மாட்டினான், பட்டனை அமுக்கினான். ஃபேன் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது.

"இன்னா கேக்குது?"

"நீங்கதான் டீச்சர் படிக்கணும். எனக்கு இங்கிலீசு வராது."

தேதி அழிந்துவிட்டதாம், எஃப் ஒன்று என்ற பட்டனை அமுக்கினால் மேலே போகுமாம். அமுக்கினார். இரண்டாயிரம், ஜனவரி ஒன்று என்று காட்டியது. காலண்டரைப் பார்த்து அன்றைய தேதியை அடித்தார். பெட்டி முழுதாக எழுந்தது.

மறுநாள் ஸ்டீவன் வந்தார். குட்டியானை டிரைவர் கயிறெல்லாம் எடுத்து வைத்துவிட்டான். டீச்சர் பெட்டியைப் போட்டார். மறுபடியும் அதே வெள்ளை எழுத்து.

"இன்னாக்கா, எழுந்திருச்சதுமே எர்ரர் காட்டுது? இது எத்தினி நாளைக்கு ஓடும்?"

"எர்ரர் இல்லடா. தேதி கேக்குது" என்று டீச்சர் எஃப் ஒன்றை அமுக்கினார். ஸ்டீவன் டீ குடித்துவிட்டுக் காலி வண்டியோடு ஊத்துக்கோட்டைக்குத் திரும்பிப் போனார்.

தேதி அழிகிற கோளாறு மட்டும் போகவில்லை. சின்னதுரை காசு மாதிரி இருக்கிற அந்தப் பேட்டரியை இரண்டு தரம் மாற்றிப் பார்த்தான். ராத்திரி அணைத்தால் காலையில் மறந்துவிடும். பழைய போர்டு, அதற்குள் எங்கேயோ கசிவு. வேறு போர்டு பார்க்கிறேன் என்றான்.

"உடுப்பா" என்றார் டீச்சர். "காலையில எழுந்ததும் என்னை ஒரு கேள்வி கேக்குது. கேக்கட்டும்."

அதற்குப் பிறகு சின்னதுரை மேம்பாலத்தைச் சுற்றவில்லை. முதல் ஷிஃப்ட் முடிந்தால் நேராகச் சந்து. ஸ்டூலில் உட்காருவான். டீச்சர் டீ வைப்பார். பெரிதாகப் பேச்சொன்றும் இருக்காது. யாராவது பயோடேட்டா அடிக்க வந்தால் டீச்சர், "படிப்பு எழுதிக் குடுப்பா, வாயால சொல்லாத" என்று துண்டுச்சீட்டை நீட்டுவார். அதையும் கத்தித்தான் சொல்வார். நாலரை ரயிலுக்குச் சின்னதுரை எழுந்து போவான். கம்பெனியில் அவன் இன்னும் ஏழாங்கிளாஸ்தான். சந்துக்குள் மட்டும் சின்னதுரை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. இரண்டாயிரத்து ஒன்பது மழைக்காலத்தில் டீச்சருக்கு இருமல் வந்தது. அப்புறம் மூச்சிரைப்பு. ஒருநாள் போனால் கடை பூட்டியிருந்தது. ஸ்டீவன் வந்து திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார் என்று பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் சொன்னார்கள். பூட்டின கடை முன்னால் சின்னதுரை நாலரை மணி வரைக்கும் நின்றுவிட்டு ரயிலேறினான்.

ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தான். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். ஸ்டீவன் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். டீச்சர் பாதியாகிவிட்டிருந்தார். மூக்கில் குழாய். அவனைப் பார்த்ததும் உதடு அசைந்தது, அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்தான். அப்போதும் கேட்கவில்லை. மேஜை மேல் குனிந்து படிப்பைச் சொன்ன அன்றைக்கு எவ்வளவு குனிந்தானோ, அதைவிடக் குனிந்து காதை வாயருகே கொண்டுபோனான்.

"கடை பூட்டிக் கெடக்குதா?"

"ம்."

தலையணைக்கு அடியிலிருந்து கையை இழுத்தார். விரலில் சாவி கோர்த்திருந்தது. எடுத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினார்.

"எதுனா எடுத்தாரணுமா டீச்சர்? துணி, கண்ணாடி…"

இல்லை என்று தலையாட்டினார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்லாக, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காமல் மெதுவாகச் சொன்னார்.

"வேலைக்குப் போறதுக்கு மின்னாடி… தெனம் ஒரு தரம் பெட்டியைப் போடுப்பா. எஃப் ஒண்ணு அமுக்கு. தேதி கேக்கும். ஒண்ணாந்தேதியிலயே உட்டுடாத… இன்னிக்கு இன்னா தேதின்னு அதுக்குக் கரெக்டா சொல்லிட்டுப் போ."